தேறிவிட்டாரா

ஜனவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் எழுதுகிறேன். நானும் அம்மாவும் இருக்கிற இருப்பில் குறையில்லை. அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் மக்கர் செய்கிறது. நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் ரெண்டாவது பேச்சிலேயே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது என்று அம்மா குறைப்படுகிறாள். ஆகவே இனி காகிதம்தான். காகிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

புது வேலையைப் பற்றி நீங்கள் வாயே திறக்கவில்லை. ஊரில் உள்ள ஆஸ்பத்திரிகளை எல்லாம் விட்டுவிட்டு, ஜெயில் ஆஸ்பத்திரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போன டாக்டர் உலகத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருக்கும். அண்ணன் பாவம், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்திவிட்டு ஜெயில் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிப் போகிறார். பையன்கள் கேலி செய்யாமலா இருப்பார்கள்?

என் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். சபையில் சபாநாயகரின் மேடைக்குக் கீழே ஒரு மேஜை. சுருக்கெழுத்தர்கள் முறை வைத்து அங்கே உட்கார்ந்து, உறுப்பினர்கள் பேசுவதை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடித் தட்டச்சு செய்து, அவரவர் பார்வைக்கு அனுப்ப வேண்டும். சொன்னதைச் சொன்னபடி. எங்களுக்குக் கை உண்டு, வாய் கிடையாது. என்னைப் போன்ற ஒருத்திக்கு அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று உங்களைத் தவிர யாருக்குப் புரியும்.

இந்தக் கூட்டத்தொடரில் தூக்குத் தண்டனையை எடுத்துவிட ஒரு மசோதா வந்திருக்கிறது. மேஜையில் வாயை மூடிக்கொண்டு இருந்ததை இங்கே கொட்டிவிடுகிறேன். ஒருத்தனைக் கொன்றுவிட்டு வந்தவனுக்கு உயிர் வாழும் உரிமை என்ன வேண்டிக் கிடக்கிறது? நீங்கள் அந்த மாதிரி ஆட்களைத் தினமும் பார்க்கிறவர். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். முழங்காலுக்கு என்ன தடவலாம் என்றும் கேட்கச் சொன்னாள். இரண்டாவதுதான் முக்கியம்.

இப்படிக்கு,
வாய் கட்டப்பட்ட நாத்தனார்

*

ஜனவரி 29

அன்புள்ள வாயாடிக்கு,

அத்தையின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. தைலம் எதுவானாலும் ஒன்றுதான், தேய்க்கிற கைதான் மருந்து. அந்தக் கை உன்னுடையது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

ஜெயில் ஆஸ்பத்திரி நீ நினைக்கிற மாதிரி இருட்டுக் குகை இல்லை. நீளமான அறை, இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில், எட்டாத உயரத்தில் ஜன்னல். வலிக்கிறது என்று வருகிறவர்களில் பாதிப் பேர் வேலைக்கு டிமிக்கி கொடுக்க வந்தவர்கள். மீதிப் பேருக்கு உண்மையாகவே வலி. யார் எவர் என்று பிரிப்பதற்குள் பொழுது போய்விடுகிறது.

கடைசியில் ஒரு தனி அறை. அங்கே ஒருவர் இருக்கிறார். வீடுகளுக்கு வர்ணம் அடிக்கும் வேலை பார்த்தவர் என்பதால் எல்லோரும் பெயின்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு மருந்துக்கடையில் திருடப் போய், தடுத்த கடைக்காரரை இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றுவிட்டார். செய்தேன் என்று அவரே சொல்கிறார். தூக்குத் தண்டனை. மேல்முறையீடு, கருணை மனு எல்லாம் முடிந்து, தேதி குறிக்கும் நேரத்தில் சளியில் ரத்தம் வந்தது. காசநோய்.

சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. நோயாளியைத் தூக்கில் போடக் கூடாது. உடல்நிலை தகுதியாக இருக்கிறது என்று ஜெயில் டாக்டர் கையெழுத்துப் போட்ட பிறகே போடலாம். அந்த டாக்டர் நான். மாதாமாதம் சூப்பிரண்டு வாசலில் வந்து நின்று, "தேறிட்டாரா டாக்டர்?" என்று கேட்கிறார். கெட்ட மனிதர் இல்லை. மேலே இருப்பவர்கள் அவரைக் கேட்கிறார்கள், அவர் என்னைக் கேட்கிறார்.

சென்ற வாரம் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பெயின்டர் கேட்டார்: "இதைச் சாப்பிட்டா தேறிடுவேன். தேறினா தூக்கு. சாப்பிடலைன்னா இருமியே செத்துருவேன். நீங்க டாக்டர், நீங்களே சொல்லுங்க. சாப்பிடவா, வேண்டாமா?"

உன் அண்ணன் குளிக்கப் போன இடத்தில் குழாயைக் கழற்றிவிட்டார் போல, தண்ணீர் சத்தம் கேட்கிறது. போய்ப் பார்க்கிறேன். அத்தைக்கு என் வணக்கம்.

அன்புடன்,
அண்ணி

*

பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணிக்கு,

குழாய் சரியாகிவிட்டதா? கதையை உச்சியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் குழாயைப் பார்க்கப் போகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். அம்மாவின் முழங்கால் தேவலை. என் தோள்பட்டைதான் கழன்றுவிட்டது.

என்ன பதில் சொன்னீர்கள் அவனுக்கு? அதை மட்டும் எழுதவில்லை. சாப்பிடு என்றால் தூக்குமேடைக்கு அனுப்புகிறீர்கள். சாப்பிடாதே என்றால் நீங்கள் டாக்டரே இல்லை. ஆனாலும் அவனுக்காக எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அவர், இவர் என்று மரியாதை வேறு கொடுக்கிறீர்கள். அந்த மருந்துக்கடைக்காரருக்கு மனைவி உண்டா? குழந்தை உண்டா? அவர் உயிருக்கு யார் கையெழுத்துப் போட மறுத்தார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்.

சபையில் அனல் பறக்கிறது. "உயிரை அரசாங்கம் கொடுக்கலை, அதனால எடுக்கவும் அதுக்கு உரிமை இல்லை" என்று ஒருவர். "அடுத்தவன் உயிரை எடுத்தவனுக்கு மட்டும் அந்த உரிமை எங்கிருந்து வந்தது?" என்று இன்னொருவர். இரண்டையும் ஒரே பேனாவால் எழுதிவிட்டு வருகிறேன். ஆளும் கட்சியின் பின்வரிசையில் ஒரு பெரியவர் இருக்கிறார். மோவாயை நெஞ்சில் பதித்துக்கொண்டு பேசுவார், மைக்குக்கே கேட்காது. எங்கள் அறையில் அவருக்கு முணுமுணுப்பு ஐயா என்று பெயர். அவர் எழுந்தால் அன்றைக்கு யார் முறையோ அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

பதில் எழுதுங்கள். முழுசாக.

உங்கள்,
நாத்தனார்

*

மார்ச் 8

அன்புள்ள வாயாடிக்கு,

உன் தோள்பட்டைக்கும் வெந்நீர் ஒத்தடம்தான். வேறு யாராவது கொடுக்கட்டும்.

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய். கடைக்காரரின் உயிருக்கு யார் மறுத்தார்கள் என்று. யாரும் மறுக்கவில்லை. அந்த இடத்தில் மறுக்கிற வாய்ப்பு யாருக்கும் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்திருக்கிறது.

கடைக்காரருக்கு மனைவி உண்டு. பார்வையாளர் வரும் நாட்களில் ஜெயிலுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பார். உள்ளே வரமாட்டார். தேதி வைத்துவிட்டார்களா என்று வாசல் காவலரிடம் கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவார். நான் அவரைப் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. அவரிடம் போய்ச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? அவருடைய கோபத்தில் ஒரு தப்பும் இல்லை.

பெயின்டரிடம் நான் சொன்னது இதுதான்: "சாப்பிடுங்க. உங்களைக் குணமாக்கறது என் வேலை. குணமானதும் கொல்லலாம்னு எழுதறது என் வேலை இல்லை. அதுல நான் கையெழுத்து போட மாட்டேன்." என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கினார். தினமும் விழுங்குகிறார். எடை கூடியிருக்கிறது. இப்போதெல்லாம் சுவரைப் பார்த்து, பூச்சுக்கு முன்னால் ஈரம் உலர விடவில்லை, அடுத்த மழைக்கு உரியும் என்று குறை சொல்கிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

என்னிடம் தரப்போகும் தாளில் "தண்டனை நிறைவேற்றத் தகுதியான உடல்நிலையில் உள்ளார்" என்று அச்சடித்திருக்கிறது. நானும் இத்தனை வருஷம் படித்தேன், பார்த்தேன். பிரசவத்துக்குத் தகுதியான உடல்நிலை உண்டு. அறுவைக்குத் தகுதியான உடல்நிலை உண்டு. சாவதற்குத் தகுதியான உடல்நிலை என்று ஒன்று மருத்துவத்தில் கிடையாது.

என் வார்டில் படுத்திருக்கிற எல்லோரும் எனக்கு அவர்தான். உன்னையும் படுக்கவைத்தால் அவர் என்றுதான் எழுதுவேன்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணி

*

மே 4

அன்புள்ள அண்ணிக்கு,

போன மாதம் எழுதியதற்குப் பதிலே காணோம். தபால்காரரிடம் சண்டை போட்டுப் பார்த்தேன், அவர் மேல் தப்பில்லையாம். அண்ணனைப் போனில் கூப்பிட்டால் "எல்லாரும் சௌக்கியம்" என்று பாடம் ஒப்பிக்கிறார். அவர் பொய் சொல்லும்போது ரொம்பச் சுத்தமாகப் பேசுவார், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

சபைக்கு விடுமுறை. ஜூலையில்தான் மசோதா மறுபடி வரும். அதற்குள் உங்கள் பெயின்டருக்குச் சிகிச்சை முடிந்துவிடுமே என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நான் ஏன் கணக்குப் போடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன், சாவதற்குத் தகுதியான உடல்நிலை கிடையாது என்கிற அந்த வாக்கியம் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. நீங்கள் ஏன் முரண்டு பிடிக்க வேண்டும்? சளியில் இன்னும் கிருமி இருக்கிறது என்று எழுதிவிடுங்கள். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? அவரும் பிழைப்பார், உங்கள் வேலையும் பிழைக்கும். சூப்பிரண்டும் மேலே போய்ச் சொல்லிக்கொள்வார்.

"அவர்" என்று எழுதிவிட்டேன், கவனித்தீர்களா? அடிக்க மனம் வரவில்லை.

உடனே பதில் போடுங்கள்.

உங்கள்,
நாத்தனார்

*

ஜூன் 6

அன்புள்ள வாயாடிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வீடு மாற்றினோம். புது விலாசம் உறையின் பின்பக்கம் இருக்கிறது. இரண்டாவது மாடி, கீழே சைக்கிள் கடை. காலையில் சமையலறையில் நல்ல வெளிச்சம் வருகிறது. தண்ணீர்தான் நூலாக விழுகிறது. உன் அண்ணனுக்குப் பள்ளிக்கூடம் பக்கம் ஆகிவிட்டது.

பெயின்டர் பூரணமாகக் குணமாகிவிட்டார். நலமாக இருக்கிறார்.

நீ சொன்ன யோசனை எனக்கும் முன்பே தோன்றியதுதான். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

அத்தைக்குக் குளிர் காலத்துக்கு முன்பே முழங்கால் உறை வாங்கிக் கொடு. கம்பளி வேண்டாம், அரிக்கும்.

அன்புடன்,
அண்ணி

*

ஜூன் 15

அன்புத் தங்கைக்கு,

அம்மாவும் நீயும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன் என்பது உனக்குத் தெரியும். உன் அண்ணி இதை எழுதமாட்டாள் என்பதால் எழுதுகிறேன். அவள் கிளினிக்குக்குப் போயிருக்கிறாள்.

ஏப்ரலிலேயே சூப்பிரண்டு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சிகிச்சை முடியட்டும் என்றாள். மே கடைசியில் முடிந்தது. அவள் தாளின் மேல்பாதியில் "நோய் முற்றிலும் குணமாகிவிட்டது" என்று எழுதினாள். கீழ்ப்பாதியைக் குறுக்கே அடித்து, உனக்கு எழுதினாளே, சாவதற்குத் தகுதியான உடல்நிலை கிடையாது என்று, அந்த வாக்கியத்தை எழுதினாள். அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டாள். அன்று சாயங்காலமே சஸ்பெண்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சாமான்களை இறக்கும்போது சூப்பிரண்டே வந்து கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கினார்.

நானும் அவளிடம் கேட்டேன், கிருமி இருக்கிறது என்று எழுதியிருக்கலாமே என்று. "நான் பொய் சொன்னா, அடுத்து வர்ற டாக்டர் உண்மையைச் சொல்லி அவரைக் கொன்னுடலாம். நான் உண்மையைச் சொல்லி மறுத்தா, அடுத்தவரும் மறுக்கணுமா வேண்டாமான்னு யோசிச்சே ஆகணும்" என்றாள். நான் இருபது வருஷமாக நியூட்டன் விதி நடத்துகிறேன். இவ்வளவு நேராக எனக்கு எதையும் சொல்ல வந்ததில்லை.

இப்போது தெருமுனையில் ஒரு சின்ன கிளினிக்கில் உட்காருகிறாள். அடுத்த மாதம் ஜெயிலுக்குப் புது டாக்டர் வருகிறார். அவர் கையெழுத்துப் போட்டால் பெயின்டருக்கு முடிந்தது. அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

நான் எழுதினேன் என்று சொல்லிவிடாதே.

அண்ணன்

*

ஜூலை 16

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணிக்கு,

மரியாதையைப் பார்த்ததும் விலாசம் மாறிவந்த கடிதம் என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணன் எல்லாம் எழுதிவிட்டார். சொல்லாதே என்றார், சொல்லிவிட்டேன். அவரைத் திட்டாமல் சாப்பாடு போடுங்கள். நீங்களும் சாப்பிடுங்கள்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "வேலை போச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். "தப்பா ஒண்ணு எழுதச் சொன்னாங்க, மாட்டேன்னுட்டா. என் மருமக வேற எப்படி இருப்பா?" என்று சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு உங்களை நினைத்தால் அவ்வளவு பெருமையாக இருக்கிறது அண்ணி. நேரில் எனக்குச் சொல்ல வராது, அதனால் இங்கேயே சொல்லிக்கொள்கிறேன். பொய் எழுதச் சொல்லி உங்களுக்கே யோசனை சொன்னேனே, அதை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான் இப்போது ஒரு காரியம் செய்துவைத்திருக்கிறேன்.

மசோதா மறுபடி வந்தது. முணுமுணுப்பு ஐயா எழுந்தபோது என் முறை. முதலிலும் கடைசியிலும் ஏதோ பிடித்தேன், நடுவில் ஒன்றும் காதில் விழவில்லை. அந்த மாதிரி இடத்தில் "தெளிவாகக் கேட்கவில்லை" என்று போடுவதுதான் எங்கள் முறை. நான் தட்டச்சு செய்தபோது அந்த இடத்தில் என்ன அடித்திருக்கிறேன் தெரியுமா? "சாவதற்குத் தகுதியான உடல்நிலை என்று ஒன்று மருத்துவத்தில் கிடையாது." அடித்தது எனக்கே தெரியாது அண்ணி, கை தானாக அடித்துவிட்டது. அவர் பார்வைக்குப் போய், ஒரு திருத்தமும் இல்லாமல் திரும்பி வந்துவிட்டது. மறுநாள் பேப்பரில் பெரிய எழுத்தில் அவர் படத்தோடு அதைப் பார்த்ததும் பதிவு அறைக்கு ஓடினேன். ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டேன். அந்த இடத்தில் அவர் இருமுகிறார்.

இப்போது ஊரெல்லாம் அதே பேச்சு. ஆளும் கட்சியிலேயே ஒருவர் இப்படிச் சொல்லிவிட்டாரே என்று இன்னும் நாலைந்து பேர் ஊசலாடுகிறார்களாம். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஓட்டெடுப்பு. மசோதா ஜெயித்தால் பெயின்டர் பிழைப்பார். நான் போய் அது என் தவறு என்று சொன்னால் எல்லாம் கவிழ்ந்தாலும் கவிழ்ந்துவிடும். சொல்லாவிட்டால் என் மேஜையில் இனி நான் எப்படி உட்காருவேன்?

சும்மா இருந்துவிடவா? நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.

உங்கள்,
நாத்தனார்

*

ஜூலை 22

அன்புள்ள வாயாடிக்கு,

உன் அண்ணனைத் திட்டவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், அவருக்கு அது நிம்மதியாக இருந்தது போலிருக்கிறது, அதனால் பேச ஆரம்பித்துவிட்டேன். அத்தை சொன்னதைப் படித்தபோது சமையலறையில் போய் நின்றுகொண்டேன்.

ஜெயிலுக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர் நேற்று வீடு தேடி வந்தார். படிப்பு முடித்து அதிக நாள் ஆகாதவர், கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. "நீங்க எழுதினதைப் பார்த்தேன் மேடம். இந்த மாசக் கடைசிக்குள்ள எழுதித் தரச் சொல்றாங்க" என்றார். நான் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. டீ கொடுத்தேன். குடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். அவர் கையெழுத்துப் போட்டால் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. இதை நீ கேட்காமலேயே எழுதுகிறேன்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில் எழுதும்போது எனக்கு அந்த மனிதர் பிழைக்க வேண்டும் என்கிற ஆசை இல்லை என்று நினைக்காதே. அந்த ஆசையோடுதான் சொல்கிறேன். போய் உண்மையைச் சொல்லிவிடு.

பெயின்டர் பேரில் ஒரு பொய் எழுத மாட்டேன் என்று நான் வீட்டை விட்டு வெளியே வந்திருக்கிறேன். உன் பேரில் ஒரு பொய் நிற்க நான் எப்படிச் சம்மதிப்பேன்? அந்த வாக்கியம் சரியாக இருந்தால், யாராவது ஒருவர் தன் வாயால், தெரிந்தே சொல்லட்டும். சொல்ல ஆள் இல்லை என்றால் ஓட்டு தோற்கட்டும். அந்த வலியை நான் தாங்கிக்கொள்கிறேன்.

உன் வேலைக்கு ஆபத்து வரும். தெரிந்துதான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இன்னொரு அறை இருக்கிறது, தண்ணீர்தான் நூலாக விழும்.

அன்புடன்,
அண்ணி

*

ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். இந்த முறை இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றே முணுமுணுப்பு ஐயாவின் அறைக்குப் போனேன். மேஜைமேல் பேப்பர் கத்தரித்து வைத்திருந்தது. "ஐயா, அந்த வரி நீங்க சொன்னது இல்லை. நான் தப்பா சேர்த்துட்டேன்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியும்மா. நான் அன்னிக்குப் பேசினது எங்க ஊர்ப் பாலத்தைப் பத்தி. தூக்கைப் பத்தி என்ன பேசறதுன்னு தெரியலை, பாலத்துக்குப் போயிட்டேன்" என்றார்.

"அப்ப ஏன் திருத்தாம அனுப்பினீங்க?"

"இத்தனை வருஷம் சபையில இருக்கேன், நான் பேசினதை ஒருத்தரும் படிச்சதில்லை. ஆசையா இருந்தது, விட்டுட்டேன். அப்புறம் தினமும் அதையே படிச்சுப் பார்த்தேனா, சரிதானேன்னு தோணிடுச்சு. யாரும்மா சொன்னது?"

"என் அண்ணி" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பெயின்டர், மாத்திரை, சூப்பிரண்டு, குவார்ட்டர்ஸ், எல்லாம். பிறகு எங்கள் தலைமைச் சுருக்கெழுத்தரிடமும் போய்ச் சொன்னேன். அங்கேயே என்னை மேஜையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஓட்டெடுப்பு அன்று பார்வையாளர் மாடத்தில் நின்றேன். வெளியாளாக அந்தச் சபையைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முணுமுணுப்பு ஐயா எழுந்தார். கீழே மேஜையில் இருந்தவர் வழக்கம் போலத் தலையில் கை வைத்தார். ஐயா மோவாயைத் தூக்கினார் அண்ணி. மாடத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"குறிப்புல என் பேர்ல ஒரு வரி இருக்கு. அது என்னுடையது இல்லை. தவறுதலா ஏறிடுச்சு, அதை நீக்கிடணும். அதை எழுதினது ஒரு டாக்டர். எழுதினதுக்காக வேலையை இழந்து நிக்கறாங்க. நான் எதையும் இழக்கலை, சும்மா பேர் வாங்கிக்கிட்டேன். அதனால இப்ப நானே சொல்றேன். சாவதற்குத் தகுதியான உடல்நிலைன்னு ஒண்ணு கிடையாது. இதை என் பேர்ல எழுதிக்கலாம். என் கட்சி என்னை என்ன செய்யணுமோ செய்யட்டும்."

சபையில் கூச்சல். சிலர் சிரித்தார்கள். உங்கள் வாக்கியத்தை ஆளுக்கு ஆள் தூக்கிக்கொண்டு பேசினார்கள், திட்டியவர்களும் உண்டு. கடைசியில் மசோதா ஆறு ஓட்டில் ஜெயித்தது. எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை.

அண்ணன் போனில் சொன்னார், அந்த இளம் டாக்டரும் மாதக் கடைசியில் மறுத்து எழுதிவிட்டாராமே. நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல மாட்டீர்கள்.

என்னை அச்சுப்பிழை பார்க்கிற அறையில் போட்டிருக்கிறார்கள். ஜன்னல் இல்லை, ஆனால் பேசலாம். உங்களுக்கு நாத்தனாராக வாய்த்ததற்கு நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை. இதை அண்ணனிடம் காட்டாதீர்கள்.

உங்கள்,
நாத்தனார்

*

செப்டம்பர் 20

அன்புள்ள வாயாடிக்கு,

காட்டிவிட்டேன். நீ மட்டும்தான் சொல்லாதே என்பதைச் சொல்லுவாயா?

எங்களுக்குச் சுகம்தான். என் மேல் விசாரணை இன்னும் நடக்கிறது. வேலை திரும்பக் கிடைக்குமா என்று தெரியவில்லை. கிளினிக்கில் காலையிலும் சாயங்காலமும் கூட்டம் இருக்கிறது. உன் முணுமுணுப்பு ஐயாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நல்ல மனிதர். இரண்டாம் பக்கத்திலேயே பாலத்துக்குப் போய்விட்டார்.

பெயின்டரின் தண்டனையை ஆயுளாக மாற்றிவிட்டார்கள். பார்வையாளர் வரிசையில் நின்று போய்ப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். "சாகறதுக்கு மனசைத் தயார் பண்ணி வெச்சிருந்தேன் டாக்டர். இனிமே உயிரோட இருக்கறதுக்குப் பழகணும். அதுதான் கஷ்டமா இருக்கு. அந்தக் கடைக்காரர் முகம் இப்பதான் தினமும் வருது" என்றார். வரட்டும் என்றேன். வேறு என்ன சொல்ல?

நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய், பிப்ரவரியில், அந்தக் கடைக்காரரின் மனைவியைப் பற்றி. நேற்று அவர் கிளினிக்குக்கு வந்தார்.

டோக்கன் வாங்கிக்கொண்டு எல்லோரையும் போல வரிசையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவர் முறை வந்து எதிரே உட்கார்ந்ததும் எனக்கு ஸ்டெதாஸ்கோப்பைக் கையில் எடுக்கவே தோன்றவில்லை. அவரே ஆரம்பித்தார்.

"நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியுதும்மா."

"உங்களைத் திட்டணும்னு எத்தனையோ தடவை கிளம்பினேன். பஸ் நிறுத்தத்தோட திரும்பிப் போயிடுவேன். என் கோபம் இன்னும் தீரலை. தீரும்னும் தோணலை."

"தீர வேண்டாம்மா" என்றேன். "அதை யாரும் உங்ககிட்ட கேட்கக் கூடாது."

நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு புடவைத் தலைப்பை விலக்கிக் கையை நீட்டினார்.

"ராத்திரியில நெஞ்சு படபடன்னு அடிக்குது. வேற டாக்டர்கிட்டயும் போகலாம். ஆனா அவன் உயிரையே விட்டுக்கொடுக்காதவங்க என் உயிரை விட்டுக்கொடுக்க மாட்டீங்க. அதான் வந்தேன்."

பிரஷர் அதிகமாகத்தான் இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னேன். அடுத்த வாரம் மறுபடி வரவேண்டும் என்றேன். வருகிறேன் என்றார்.

அத்தைக்கு என் வணக்கம்.

அன்புடன்,
அண்ணி